எதிர் நிறங்கள் முட்டிக்கொள்ளாமல் எடுப்பாகத் தெரிய என்ன செய்யலாம்

டிசைன் வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு நாடகக் குழுவுக்குப் போஸ்டர் செய்தேன். பச்சைப் பின்னணி, அதன்மேல் சிவப்பு எழுத்து. சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள், பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று படித்திருந்தேன். அதை அப்படியே செய்தேன். ஸ்கிரீனில், கண்ணுக்கு ஓரடி தூரத்தில், நன்றாகத்தான் இருந்தது. அச்சாகி வந்து சுவரில் ஒட்டியதும் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். நாடகத்தின் பெயரைப் படிக்க முடியவில்லை. எழுத்தின் ஓரங்கள் நடுங்குவதுபோல் இருந்தன. சுழிகள் அடைந்துபோய், எது ண, எது ன என்று பிரித்தறிய முடியவில்லை.

அந்த இரண்டு நிறங்களின் எண்கள் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) இன்றும் என்னிடம் இருக்கின்றன. எழுத்துக்குச் சிவப்பு 200, பச்சை 30, நீலம் 40. பின்னணிக்குச் சிவப்பு 0, பச்சை 120, நீலம் 60. பல வருடம் கழித்து இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒளி வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன். விகிதம் 1.02 என்று வந்தது. இந்தக் கணக்கில் 1 என்றால் இரண்டும் ஒரே அளவு வெளிச்சம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21. ஆக, நிறத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் என் போஸ்டரில் எழுத்தே இல்லை, வெறும் சாம்பல் தாள்தான்.

நான் சொல்ல வருவது எல்லாம் அந்த 1.02-க்குள் அடங்கியிருக்கிறது. நிறங்களை வட்டமாக அடுக்கிய நிறச் சக்கரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு நிறங்கள் சாயலில் மட்டும்தான் எதிர். எது வெளிச்சமாக இருக்க வேண்டும், எது இருட்டாக, எது அதிக இடம் பிடிக்க வேண்டும், எது ஓரமாக நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சக்கரம் சொல்லாது. அவற்றை முடிவு செய்வதுதான் நம் வேலை.

முதலில் மூன்று குமிழ்கள்

ஒரு நிறத்தை மூன்று குமிழ்களைத் திருப்பி மாற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சாயல்: சிவப்பா, மஞ்சளா, நீலமா. இரண்டாவது வெளிச்சம்: வெள்ளைக்குப் பக்கமா, கறுப்புக்குப் பக்கமா. மூன்றாவது செறிவு: பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து மங்கியிருக்கிறதா. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-லேயே நிறங்களை இப்படி மூன்று அளவுகளில் ஒழுங்குபடுத்திக் காட்டினார். மென்பொருளில் நிறம் தேர்ந்தெடுக்க நாம் பயன்படுத்தும் நிறப் பெட்டிகள் பலவும் ஏதோ ஒரு வகையில் அந்த யோசனையின் பிள்ளைகள்.

எதிர் நிறம் என்று சொன்னதும் முதல் குமிழை மட்டும் திருப்பிவிட்டு நின்றுவிடுகிறோம். ஆனால் ஓரங்களையும் எழுத்து வடிவத்தையும் கண் பெரும்பாலும் இரண்டாவது குமிழை வைத்துத்தான் படிக்கிறது. நிற மாற்றத்தைவிட வெளிச்ச மாற்றத்தில்தான் நம் கண்ணுக்குக் கூர்மை அதிகம். ஜேபெக் படங்களிலும் வீடியோவிலும் வெளிச்சத் தகவலை முழுதாக வைத்துக்கொண்டு நிறத் தகவலைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்துச் சேமிக்க முடிவதும் இதனால்தான். குறைத்தது நமக்குத் தெரிவதில்லை. வெளிச்சம் ஒன்றாக இருந்து சாயல் மட்டும் நேரெதிராக இருந்தால், ஓரம் எங்கே என்று கண்ணால் முடிவு செய்ய முடியாது. அதனால்தான் அந்த நடுக்கம்.

எந்தச் சக்கரம்?

இங்கே பலர் குழம்பிப்போகிறார்கள். நானும் நெடுநாள் குழம்பினேன். ஓவிய வகுப்பில் சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிர் ஊதா. கம்ப்யூட்டரில் பார்த்தால் சிவப்புக்கு எதிர் சயான் என்ற நீலப் பச்சை, நீலத்துக்கு எதிர் மஞ்சள், பச்சைக்கு எதிர் மெஜந்தா. எது சரி?

இரண்டுமே அதனதன் இடத்தில் பயன்படும். முதலாவது பெயிண்டைக் கலந்து பழகிய ஓவியர்களின் சக்கரம். இரண்டாவது ஒளியின் சக்கரம். ஸ்கிரீன் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் ஆனது. ஒரு நிறத்தோடு எந்த ஒளியைச் சேர்த்தால் வெள்ளையோ சாம்பலோ வருமோ அதுதான் அங்கே எதிர் நிறம். கணக்கும் சுலபம். ஒவ்வொரு எண்ணையும் 255-லிருந்து கழித்தால் போதும். 255, 0, 0 என்ற சிவப்புக்கு எதிர் 0, 255, 255. எச்எஸ்எல் (சாயல், செறிவு, வெளிச்சம்) பெட்டியில் வேலை செய்பவர்கள் சாயல் எண்ணோடு 180 பாகையைக் கூட்டினால் போதும்.

உங்கள் கண் எதைச் சொல்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு பளிச்சென்ற சிவப்புச் சதுரம், அதன் நடுவில் ஒரு சிறு புள்ளி. கண்ணை அசைக்காமல் அந்தப் புள்ளியை 30 நொடி பாருங்கள். பிறகு வெறும் வெள்ளைத் தாளுக்குப் பார்வையைத் திருப்புங்கள். நீலம் கலந்த பச்சையில் ஒரு சதுரம் மிதக்கும். சிவப்பைப் பார்த்துப் பார்த்து அதற்கான உணர்வு சோர்ந்துபோக, மற்றவை மேலே வருகின்றன. அறுவை அரங்கில் மருத்துவர்கள் வெள்ளைக்குப் பதில் பச்சையோ நீலப் பச்சையோ உடுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் வெள்ளைத் துணிக்குத் திரும்பினால் இந்தப் பச்சை நிழல்கள் குறுக்கே வரும். பச்சைத் துணியில் அவை கரைந்துவிடும்.

என் வழக்கம் இது. ஸ்கிரீனுக்கான வேலை என்றால் 180 பாகையிலிருந்து தொடங்குகிறேன், பிறகு இருபது முப்பது பாகை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்திப் பார்க்கிறேன். சரியாக 180-ல் நிற்கும் ஜோடி பல நேரம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். சற்று நகர்த்தினால் இளகும். கையால் பெயிண்ட் கலக்கும் வேலை என்றால் ஓவியர் சக்கரமே போதும். அங்கே கலவை எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம்.

பக்கத்து வீட்டு நிறம்

எதிர் நிறங்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. பாரிஸில் கோபெலான் என்ற புகழ்பெற்ற சுவர்த்திரை நெசவுக்கூடம். 1824-ல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் வந்தார். அங்கே ஒரு புகார் இருந்தது. நீல, ஊதா துணி மடிப்புகளின் நிழலுக்குப் பயன்படுத்தும் கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை, சாயம் சரியில்லை என்றார்கள். ஷெவ்ரல் வேறு இடங்களில் சாயமிட்ட கறுப்பு நூல்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை எதுவும் இல்லை. குறை அதன் அக்கம்பக்கத்தில் இருந்தது. நீலத்தின் பக்கத்தில் வைத்ததும் கறுப்பின்மேல் நீலத்தின் எதிர் நிறம், அதாவது லேசான ஆரஞ்சுச் சாயல், படர்ந்ததுபோல் கண்ணுக்குத் தெரிந்து, அதன் ஆழத்தைக் குறைத்துவிட்டது. வேதியியலாளர் ஒருவர் பிரச்சினை சாயத் தொட்டியில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். அதையே பல வருடம் ஆராய்ந்து 1839-ல் பெரிய நூலாக வெளியிட்டார்.

இது நம் வேலையில் தினமும் நடக்கிறது. செய்து பாருங்கள். ஒரு பக்கத்தைப் பாதி ஆரஞ்சு, பாதி நீலம் ஆக்குங்கள். இரண்டின் நடுவிலும் ஒரே சாம்பல் சதுரத்தை வையுங்கள்: 128, 128, 128. ஆரஞ்சில் உள்ள சாம்பல் லேசாக நீலம் ஓடியதுபோலவும், நீலத்தில் உள்ளது வெதுவெதுப்பாகவும் தெரியும். எண் ஒன்றுதான், தோற்றம் இரண்டு. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பாடம் நடத்திய யோசஃப் ஆல்பர்ஸ், பின்னாளில் அமெரிக்காவில் தன் மாணவர்களுக்கு வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி இதே பயிற்சியைக் கொடுத்தார். ஒரே நிறத் துண்டை இரண்டு நிறமாகத் தெரியும்படி செய்ய வேண்டும், பெயிண்ட் கூடாது. நானும் தாளை வெட்டித்தான் கற்றேன். ஸ்கிரீனில் எண்களை மாற்றிக் கற்பதைவிட அது ஆழமாக மனதில் இறங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இதை வைத்து என்ன செய்வது? வண்ணப் பின்னணியில் சாம்பல் எழுத்தோ கோடோ போடும்போது சுத்தமான சாம்பலை எடுக்காதீர்கள். ஆரஞ்சுப் பின்னணியில் அது நீலமாக விலகித் தெரியும். பின்னணியின் நிறத்தையே கொஞ்சம் அதில் சேர்த்துவிடுங்கள். 128, 128, 128-க்குப் பதில் 136, 128, 120 என்று வைத்தாலே சாம்பல் அமைதியாகிவிடும். மாறாக, அந்தச் சாம்பல் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பின்னணியே அதை உங்களுக்காக நீலமாக்கித் தரும்.

ஒரு ஜோடியை எடுத்து வேலை செய்வோம்

ஒரு பதிவுப் பக்கம், அதில் ஒரு பட்டன். பட்டன் ஆரஞ்சு என்று முடிவாகிவிட்டது: சிவப்பு 255, பச்சை 128, நீலம் 0. சாயல் 30 பாகை. எதிர் நிறம் 210 பாகையில், 0, 127, 255 என்ற பளிச்சென்ற நீலம். இதைப் பின்னணியாக வைத்து அதன்மேல் ஆரஞ்சு பட்டனை வைத்துப் பாருங்கள். கண் கூசும். விகிதத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.5. அடிக்கடி பரிந்துரைக்கப்படும் எதிர் நிற ஜோடி, முழுச் செறிவில் வைத்தால், ஒளி வேறுபாட்டில் இவ்வளவு பலவீனமானது.

இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இணைய அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 விகிதமும், பெரிய எழுத்துக்கும் பட்டன் போன்றவற்றின் எல்லைக்கும் குறைந்தது 3 விகிதமும் கேட்கிறது. இதைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. இரண்டு நிறங்களைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லிவிடும்.

இப்போது நீலத்தின் சாயலைத் தொடாமல் வெளிச்சக் குமிழைக் கீழே இறக்குங்கள். செறிவையும் கொஞ்சம் தளர்த்துங்கள். 210 பாகை, செறிவு 75 சதவீதம், வெளிச்சம் 16 சதவீதம். எண்ணில் 10, 40, 70. இது ஆழ்ந்த, கிட்டத்தட்ட இரவு வானம் போன்ற நீலம். அதே ஆரஞ்சு பட்டனை இதன்மேல் வையுங்கள். விகிதம் 5.9 ஆகிவிட்டது. சாயலில் இப்போதும் நேரெதிர்தான். ஆனால் நீலம் அடக்கி வாசிக்கிறது, ஆரஞ்சு தனியாக எழுந்து நிற்கிறது. போட்டி நின்றுவிட்டது.

அப்புறம் பட்டனுக்குள் எழுத்து. பழக்கத்தில் கை வெள்ளைக்குப் போகும். இந்த ஆரஞ்சின்மேல் வெள்ளை எழுத்தின் விகிதம் 2.5 தான். படிக்கச் சிரமம். அதே ஆழ்ந்த நீலத்தை எழுத்துக்கும் எடுத்தால் 5.9. மூன்றாவது நிறம் ஒன்று தேவைப்படவே இல்லை. ஆரஞ்சு பட்டனில் வெள்ளை எழுத்தை எத்தனையோ பக்கங்களில் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைத் திருத்திவிடத் தோன்றுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எச்எஸ்எல் பெட்டியில் உள்ள வெளிச்ச எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெட்டியில் முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் வெளிச்சம் 50 சதவீதம் என்றே காட்டும். ஆனால் அந்த மஞ்சள், நீலத்தைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு ஒளிர்கிறது. கண் பச்சை ஒளிக்கு அதிகம் வசப்படும், நீல ஒளிக்கு மிகக் குறைவாக. ஒளிர்வுக் கணக்கில் சிவப்பின் பங்கு 0.2126, பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், வரிசையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஓகேஎல்சிஎச் என்ற புதிய நிற முறையில் இந்தக் கோளாறு பெரும்பாலும் சரிசெய்யப்பட்டிருக்கிறது. 2020-ல் பியோர்ன் ஒட்டோசன் வெளியிட்டது. அதில் வெளிச்ச எண் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ்-லும் இப்போது நேரடியாகவே எழுதலாம். நான் முழுவதுமாக அதற்கு மாறிவிட்டேன்.

எவ்வளவு இடம்?

அடுத்தது அளவு. ஜெர்மானியக் கவிஞர் கதே நிறங்களின் ஒளிக்கு எண் கொடுத்தார் என்பார்கள். மஞ்சள் 9, ஆரஞ்சு 8, சிவப்பு 6, பச்சை 6, நீலம் 4, ஊதா 3. 1919 முதல் 1923 வரை பௌஹவுஸில் பாடம் நடத்திய யோஹன்னஸ் இட்டன் இந்த எண்களைப் பரப்பளவுக்குப் பயன்படுத்தினார். அதிகம் ஒளிரும் நிறத்துக்குக் குறைந்த இடம். மஞ்சளும் ஊதாவும் சேர்ந்தால் மஞ்சளுக்கு ஒரு பங்கு, ஊதாவுக்கு மூன்று. ஆரஞ்சுக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு. சிவப்பும் பச்சையும் சரிபாதி.

ஓவியத்துக்கு இது நல்ல கணக்கு. ஒரு சமநிலை கிடைக்கும். டிசைனில் நமக்குச் சமநிலை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பார்ப்பவரின் கண் ஓரிடத்துக்கு முதலில் போக வேண்டும். அதனால் நான் இன்னும் தூரம் போகிறேன். ஒரு நிறமும் அதன் வெளிர், ஆழ்ந்த வடிவங்களும் பக்கத்தில் பெரும்பங்கு. எதிர் நிறத்துக்கு இருபதில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் குறைவு. நீலம் நிறைந்த பக்கத்தில் ஒரேயொரு ஆரஞ்சுப் புள்ளி இருந்தால் அதை யாரும் தவறவிட மாட்டார்கள். அதே பக்கத்தில் ஏழு இடத்தில் ஆரஞ்சைத் தெளித்தால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கண் அலையும். நான் பயிற்சி கொடுத்தவர்கள் அதிகம் தவறிய இடம் இதுதான். எடுப்பான நிறம் கிடைத்ததும் தலைப்பு, ஐகான், கோடு, எண் எல்லாவற்றுக்கும் அதையே பூசிவிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலைக்கு மட்டும் அந்த நிறம் என்று முடிவு செய்யுங்கள். பட்டனுக்கு என்றால் பட்டனுக்கு மட்டும்.

நேரெதிர் நிறம் மிகவும் கனமாகப் பட்டால், அதை விட்டுவிட்டு அதன் இரண்டு பக்கத்து நிறங்களை எடுக்கலாம். நீலத்துக்கு ஆரஞ்சுக்குப் பதில் மஞ்சள் கலந்த ஆரஞ்சும் சிவப்பு கலந்த ஆரஞ்சும். பிளந்த எதிர் நிறம் என்பது இதுதான். படம் வரைபவர்களுக்கு இது மிகவும் கைகொடுக்கும், பட்டன்களுக்கு அவ்வளவாக இல்லை.

மங்கச் செய்யவும் எதிர் நிறமே

எதிர் நிறத்தைப் பளிச்சென்று காட்டுவதற்கான கருவியாக மட்டும் பார்ப்பது பாதிப் பயன்தான். பக்கத்தில் வைத்தால் தூக்கிக் காட்டும் அதே நிறம், உள்ளே கலந்தால் அணைத்துவிடும். பெயிண்ட் பச்சை மிகவும் கத்தினால் கறுப்பைச் சேர்க்காதீர்கள், செத்த நிறமாகிவிடும். ஒரு துளி சிவப்பைச் சேருங்கள். பச்சை உயிரோடு இருந்தபடியே அமைதியாகும். ஆரஞ்சுப் பொருளின் நிழலுக்குக் கறுப்புக்குப் பதில் அந்த ஆரஞ்சிலேயே நீலத்தைக் கலந்து பாருங்கள். நிழல் அந்தப் பொருளுக்கே சொந்தமானதாகத் தெரியும்.

மஞ்சள் படிந்த வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதும் இதே தத்துவம். மஞ்சளை நீலம் கழித்துவிடுகிறது, துணி வெளுத்துத் தெரிகிறது. போட்டோ திருத்தும் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடர்களைக் கவனியுங்கள். ஒன்றின் இரு முனைகள் நீலமும் மஞ்சளும், மற்றதன் முனைகள் பச்சையும் மெஜந்தாவும். குண்டு பல்பின் வெளிச்சத்தில் எடுத்த படம் மஞ்சளடித்தால் நீலப் பக்கம் தள்ளுகிறோம். எதிர் நிறத்தைச் சேர்த்துச் சமன் செய்வதைத் தவிர அங்கே வேறொன்றும் நடப்பதில்லை.

மனித முகம் உள்ள படங்களுக்கு ஒரு குறிப்பு. தோல் எவ்வளவு வெளிர்ந்திருந்தாலும் கறுத்திருந்தாலும் அதன் சாயல் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதிக்குள்தான் விழும். வேறுபடுவது வெளிச்சமும் செறிவும். அதனால் மங்கிய நீலப் பச்சைப் பின்னணி யாருடைய முகத்தையும் முன்னே கொண்டுவரும். சினிமாக்களில் நிழலை நீலப் பச்சைக்குத் தள்ளுவது இதற்காகத்தான். ஆனால் பின்னணியை மட்டும் நகர்த்துங்கள். தோலின் செறிவை ஏற்றினால் முகம் பிளாஸ்டிக் போலாகிவிடும். அந்த மனிதர் நம் படத்தில் தன்னைப் பார்க்கப்போகிறவர்.

எல்லோர் கண்ணும் ஒன்று இல்லை

என் அண்ணனுக்குச் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறிய முடியாது. ஒரு முறை நான் செய்த வரைபடத்தை அவனிடம் காட்டினேன். இரண்டு கோடுகள். வரவு பச்சை, செலவு சிவப்பு. நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதில் எது எது?” என்று கேட்டான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கூடவே வளர்ந்தவன், அவனையே நான் நினைத்துப் பார்க்காமல் வரைந்திருக்கிறேன். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தக் குறை உண்டு. பெண்களில் 0.5 சதவீதம்.

அன்றிலிருந்து பொருளைச் சுமக்கும் இடங்களில் சிவப்பையும் பச்சையையும் ஜோடியாக வைப்பதில்லை. நீலமும் ஆரஞ்சும் அவனுக்குத் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. அதோடு ஒன்றை ஆழமாகவும் ஒன்றை வெளிறியும் வைக்கிறேன், கோட்டின் முனையிலேயே பெயரை எழுதிவிடுகிறேன், முடிந்தால் ஒரு கோட்டைத் துண்டு துண்டாக வரைகிறேன். நிறம் தெரியாவிட்டாலும் செய்தி போய்ச் சேர வேண்டும்.

முடிப்பதற்கு முன்

வேலை முடிந்ததென்று நினைக்கும்போது முதலில் சாம்பல் சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயர் போட்டு, அதன் பிளெண்ட் மோடை, அதாவது கீழே உள்ளதோடு கலக்கும் முறையை, ‘கலர்’ என்று மாற்றுங்கள். கீழே உள்ளது வெளிச்சத்தில் மட்டும் தெரியும். செறிவு ஸ்லைடரைப் பூஜ்யமாக்கிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. பல மென்பொருள்களில் அது எச்எஸ்எல் கணக்கில் நடப்பதால் முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் ஒரே சாம்பலாகக் காட்டி ஏமாற்றும். சாம்பலிலும் தலைப்பு தலைப்பாக, பட்டன் பட்டனாகத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் எங்கே கண் போகிறது? நீங்கள் நினைத்த இடத்துக்கா? பிறகு போனின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், வெயிலில் நின்று பாருங்கள். அச்சு வேலை என்றால் ஒரு மாதிரித் தாள் எடுத்துச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். ஸ்கிரீனில் பளீரென்று எரியும் சில பச்சைகளும் நீலங்களும் மையில் வராது. அதை முன்பே பார்த்துவிடுவது நல்லது. கடைசியாக, ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். நீண்ட நேரம் ஒரே நிறத்தைப் பார்த்துச் சோர்ந்த கண் தவறான தீர்ப்புச் சொல்லும். 30 நொடி சிவப்புச் சதுரம் செய்ததை ஆறு மணி நேர வேலை செய்யாமல் இருக்குமா?

அந்த நாடகப் போஸ்டரைச் சென்ற வருடம் எனக்காகவே மறுபடி செய்தேன். பச்சையும் சிவப்பும்தான், ஜோடியை மாற்றவில்லை. பின்னணிப் பச்சையை 10, 50, 35 வரை இறக்கினேன், இருட்டிய காடு போல. எழுத்துக்குச் சிவப்பை அப்படியே வைக்காமல், அதே சாயல் பக்கமாகவே வெள்ளையை நோக்கி ஏற்றி 250, 225, 215 ஆக்கினேன். விகிதம் 11-ஐத் தாண்டியது. சுழிகள் எல்லாம் திறந்துகொண்டன. உண்மையான சிவப்பை, 225, 60, 50, ஒரேயோர் இடத்தில் வைத்தேன்: போஸ்டரின் வலது ஓரத்தில் மேலிருந்து விழும் மேடைத் திரையின் ஒரு மடிப்பு. பச்சைக்கு எதிரே அதன் விகிதம் 3.2-க்குக் கொஞ்சம் மேல், பெரிய உருவத்துக்கு அது போதும். அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அன்று நின்ற அதே பத்தடி தூரத்தில் நின்றேன். முதலில் திரை தெரிந்தது, அடுத்து நாடகத்தின் பெயர்.